மூன்றாவது தலை உடையாமல் வந்தது

போன வியாழக்கிழமை காலையில் சூளையைப் பிரித்தோம். மேலே பூசியிருந்த மண்ணை ஓடு ஓடாக எடுத்துப் போட்டுவிட்டுச் சாம்பலைத் தள்ளிப் பார்த்தால் முதலில் மொட்டை மண்டை தெரிந்தது, அப்புறம் வலது காது. சூடு இன்னும் தணியவில்லை. அய்யனார் குதிரை செய்கிற வேளார் அண்ணன் ஒரு மூங்கில் குச்சியால் நெற்றியில் மெதுவாகத் தட்டினார். கணீரென்று கேட்டது. கீறல் விழுந்த பானை என்றால் சத்தம் செத்து வரும், பானை வாங்கிப் பழகின எல்லோருக்கும் தெரிந்ததுதான். "ஒண்ணும் ஆகல தம்பி, தைரியமா எடுங்க" என்றார். வெஸ்பாசியன் என்கிற பழைய ரோமானியப் பேரரசரின் பளிங்குத் தலையைப் பார்த்துக் களிமண்ணில் செய்தது, எட்டு மாதத்தில் இது மூன்றாவது தலை. முதலாவது ஈரத்திலேயே சரிந்தது, இரண்டாவது சூளைக்குள் வெடித்தது. ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன், இதைச் செய்ய நினைக்கிற வேறு யாருக்காவது ஒரு தலையாவது மிச்சமாகட்டும்.

எனக்குத் தொழில் சிற்பம் கிடையாது. கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற பட்டறைகளில் பாலிஷ் போடுகிற மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் வரும். சரிசெய்து திருப்பிக் கொடுக்கப் போகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்து மெழுகு வேலை பார்ப்பேன். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் சேர்த்துக் காய்ச்சின மெழுகு அது, கைச்சூட்டுக்கு இளகும், தண்ணீரில் போட்டால் இறுகும். அங்கே ஒரு ஸ்தபதி எனக்கு ஒடிஓலை மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். தென்னை ஓலை ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, கணக்குப்படி மடித்து மடித்து அடையாளம் வைத்துக்கொண்டால் அதுதான் அளவுகோல். முகத்துக்கு மூன்று சம பாகம்: நெற்றி ஒன்று, மூக்கு ஒன்று, மூக்கடியிலிருந்து முகவாய் வரை ஒன்று. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் மெழுகில் முகம் பழகினேன். ஓரளவுக்கு அம்மன் முகம் வந்தது.

அந்தத் தைரியத்தில் அப்பாவின் போட்டோவைப் பார்த்துக் களிமண்ணில் ஒரு முகம் செய்தேன். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. முடித்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாருப்பா இது, அய்யனாரா?" என்று கேட்டார். அம்மா கேட்டது சரிதான். புருவம் வில், மூக்கு நேர், உதட்டில் லேசான சிரிப்பு, மூன்று பாகமும் அச்சாகச் சமம். அப்பாவின் மூக்கு நீளம், முகவாய் குட்டை, இடது கண் கொஞ்சம் சிறியது. அதையெல்லாம் என் கை தானாகவே சரிப்படுத்திவிட்டிருந்தது.

ஸ்தபதியிடம் போய்ச் சொன்னேன். "நீங்க படிச்சது சாமி கணக்கு. மனுஷனுக்குக் கணக்கு அவன் மூஞ்சியிலதான் இருக்கு, அளந்து எடுத்துக்கணும்" என்றார். அளக்க உயிருள்ள ஆளை மாதக்கணக்கில் உட்கார வைக்க முடியாது. ஆகவே, ஏற்கெனவே ஒரு சிற்பி கண்ணால் அளந்து கல்லில் முடிவு செய்து வைத்திருக்கிற பழைய ஆள்முகம் ஒன்றை எடுத்து, அதை அப்படியே திருப்பிச் செய்து பழகலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் நம் ஊரிலேயே தேடினேன். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் கருவறைச் சுவர் மாடங்களில் நிற்கிற ஆண்களையும் பெண்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆதித்த சோழன் காலம் என்று சொல்லப்படுகிற அந்த உருவங்கள் சாமி மாதிரி இல்லை, யாரோ ஒருவர் மாதிரி நிற்கும். அரச குடும்பத்தார் என்கிறவர்களும் உண்டு, இராமாயண பாத்திரங்கள் என்கிறவர்களும் உண்டு. இரண்டு நாள் போய் நின்று நோட்டில் வரைந்தேன். தலை என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான், சுவரோடு ஒட்டியிருப்பதால் பின்மண்டையும் கிடையாது. முதன்முதலாகச் செய்கிறவனுக்கு அது கஷ்டம். கோனேரிராஜபுரத்துக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். செம்பியன் மாதேவியார் தன் கணவர் கண்டராதித்தர் பெயரில் எடுத்த கோயில், அவர் லிங்கத்தை வணங்குகிற மாதிரி ஒரு சிற்பம் அங்கே இருக்கிறது. அது கண்டராதித்தர்தான் என்று நமக்குச் சொல்வது கீழே உள்ள கல்வெட்டு. எழுத்தை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்தால் பக்தியோடு உட்கார்ந்திருக்கிற ஒருவர். நம் சிற்பி அந்தப் பக்தியைத்தான் செதுக்க நினைத்திருக்கிறார், அதில் அவருக்குக் குறையே இல்லை. எனக்கு அப்போது வேண்டியிருந்தது வேறு.

அப்படித்தான் ரோமாபுரிப் பக்கம் போனேன். வெஸ்பாசியன், கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட பேரரசர். கோபன்ஹேகனில் உள்ள நி கார்ல்ஸ்பெர்க் கிளிப்டோடெக் அருங்காட்சியகத்தில் அவருடைய பளிங்குத் தலை ஒன்று இருக்கிறது. வழுக்கை, நெற்றி நிறையக் கோடு, உள்ளே இழுத்துக்கொண்ட வாய், தடித்த கழுத்து. பேரரசர் என்று யாராவது சொன்னால்தான் உண்டு, இல்லாவிட்டால் நெல் விலை படியாமல் மண்டி வாசலில் நிற்கிற மிராசுதார் மாதிரி இருக்கிறார். கிரீடம் இல்லை, முடி இல்லை, நகை இல்லை. முகத்தைத் தவிர ஒளிந்துகொள்ள இடமே இல்லாத தலை, அதனால்தான் அதை எடுத்தேன்.

இணையத்தில் கிடைத்த படங்களில் நேர்ப்பார்வை ஒன்று, இரண்டு பக்கப்பார்வை, பின்பக்கம் ஒன்று என்று நான்கைப் பொறுக்கி ஏ3 தாளில் அச்செடுத்தேன். இங்கேயே முதல் தப்பு. நேர்ப்படம் கிட்டத்தில் நின்று எடுத்தது, மூக்கு பெருத்தும் காது பின்னால் ஒளிந்தும் இருந்தது. பக்கப்படம் தூரத்திலிருந்து எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கோடு போட்டால் புருவக் கோடு ஒன்றாக வருகிறது, வாய்க் கோடு 7 மில்லிமீட்டர் தள்ளி வருகிறது. இது தெரியாமல் முதல் தலையை முழுதும் அந்த இரண்டு படத்தை நம்பியே செய்தேன். அப்புறம் எல்லாமே தூரத்தில் நின்று எடுத்த படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், கோடுகள் ஓரளவு ஒட்டின. படம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி காதைப் பார்ப்பதுதான். நேர்ப்படத்தில் காது தாராளமாகத் தெரிந்தால் அது தூரத்துப் படம்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. சுழல்பலகைக்குக் கடையில் கிடந்த 6205 பேரிங் ஒன்று, பழைய மோட்டார் ஷாஃப்டில் ஒரு துண்டு, மேலே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளைவுட். இது இல்லாமல் தலை செய்யவே கூடாது. ஒரு பக்கமாக நின்றுகொண்டு செய்தால் அந்தப் பக்கம் மட்டும்தான் முகமாகும். உள்ளே குடைந்தெடுக்க ஆக்ஸா பிளேடை வளைத்து மூங்கிலில் கட்டினேன். மண்ணை அறுக்க முதலில் 18 கேஜ் எனாமல் கம்பியைப் பிடித்தேன், கையில் இருந்தது அதுதான். செம்பு இழுத்தால் நீள்கிறது, நேராக அறுக்காது. பைக் பிரேக் கேபிளைப் பிரித்து ஒரே ஒரு இழையை எடுத்து இரண்டு முனையிலும் ஆணி கட்டினேன், வெண்ணெய் மாதிரி அறுத்தது. மரக்கருவி ஒரு செட் 450 ரூபாய்க்கு வாங்கினேன், அதில் உருப்படியாகப் பயன்பட்டது இரண்டுதான். வெர்னியர் காலிப்பர் ஏற்கெனவே கடையில் இருந்தது. ஆனால் தலையின் அகலத்தை அளக்க வாய் வளைந்த வெளிக் காலிப்பர் வேண்டும், பக்கத்து லேத் பட்டறையில் இரவல் வாங்கிக்கொண்டேன்.

முதல் தலைக்கு மண் எடுத்தது காவிரிக் கரையில். சுவாமிமலையில் சிலை வார்க்க மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது வண்டல் மண் என்பதால் அதுதான் நல்ல மண் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் அதை மெல்லிசாகப் பூச்சு போடுகிறார்கள், மெழுகில் உள்ள மயிரிழைக் கோடுகூட அதில் பதியும். அதையே பத்து பன்னிரண்டு கிலோ உருட்டித் தலையாக நிறுத்தினால் நிற்காது என்பதை நானே செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முக்கால் இஞ்ச் ஜிஐ குழாயைப் பலகையில் ஃப்ளாஞ்ச் வைத்து முடுக்கி, அதன் மேல் மண்ணை அப்பினேன். மூன்றாவது நாள் காலையில் வந்து பார்த்தால் தலை குழாயில் வழுக்கி இறங்கி முகவாய் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. காதைப் பிடித்துத் தூக்கினேன், காது கையோடு வந்தது.

இரண்டாவது தலைக்கு வேளார் அண்ணனிடமே போனேன். அவர் ஏரி மண்ணை ஊறப்போட்டு, கல்லும் வேரும் நீக்கி, மணலும் கொஞ்சம் உமியும் போட்டு மிதித்து வைத்திருந்தார். குதிரைக்கு மிதித்த மண் அது. முகத்துக்கு உமி வேண்டாம், முகத்தில் குழி விழும் என்று மணல் மட்டும் போட்டு எனக்குத் தனியாக மிதித்துக் கொடுத்தார். ஒரு மூட்டை 300 ரூபாய். குழாய்க்கு மேல் மண்ணை நேராக அப்பக் கூடாது என்றும் அவர்தான் சொன்னார். செய்தித்தாளை நனைத்து உருட்டித் தேங்காய் அளவுக்குக் குழாயில் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் மண் போட வேண்டும். மண் தாளைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது.

அளவு விஷயத்தில் இந்தத் தடவை ஒன்றைச் சரியாகச் செய்தேன். அதே மண்ணில் ஓடு மாதிரி ஒரு துண்டு தட்டி, அதில் சரியாக 10 சென்டிமீட்டருக்குக் கோடு கீறிக் காயவைத்தேன். காய்ந்ததும் 9.4, அண்ணன் வேறு எதற்கோ சூளை போட்டபோது கூடவே வைத்து எடுத்ததும் 9.2. அதாவது நூற்றுக்கு எட்டு சுருங்குகிறது. எனக்கு வெந்த தலை 23 சென்டிமீட்டர் வேண்டும் என்றால் ஈரத்தில் 25 செய்ய வேண்டும். அச்சுக்கடையில் எல்லாப் படத்தையும் அந்தக் கணக்குக்குப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டேன், படத்தில் காலிப்பர் வைத்து அப்படியே மண்ணில் வைக்கலாம். கண்விழிக்கும் இதே கணக்குதான். மனிதக் கண் உருண்டை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர், ஆகவே 26 மில்லிமீட்டருக்கு இரண்டு உருண்டை. தட்டுப் பலகையில் உருட்டி வெர்னியரில் அளந்து, கண்குழியில் வைத்துவிட்டு, அதன் மேல்தான் இமையைப் போர்த்த வேண்டும். அப்பா முகத்தில் நான் கண்ணை மீன் மாதிரி தட்டையாக வரைந்துவிட்டு அதைச் சுற்றிக் கீறியிருந்தேன். உருண்டை வைத்துச் செய்தபோதுதான் மேல் இமை ஒரு தடிமனான துணி மாதிரி உருண்டையின் மேல் தொங்குகிறது என்பதும், கடைக்கண்ணில் மேல் இமை கீழ் இமையைத் தாண்டிப் போகிறது என்பதும் கையில் தெரிந்தது. அந்தக் கடைக்கண் தாண்டல் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது இல்லாவிட்டால் கண் பொம்மைக் கண்.

ஒடிஓலையை இங்கேயும் பயன்படுத்தினேன், ஆனால் வேறு விதமாக. வெஸ்பாசியன் படத்தின் மேல் ஓலையை வைத்து மூன்றாக மடிக்கப் பார்த்தேன். முதல் மடிப்பே விழவில்லை. நெற்றி எங்கே தொடங்குகிறது? முடி விளிம்பு என்று ஒன்று இல்லையே, நெற்றி அப்படியே ஏறி மண்டையாகிவிடுகிறது. சரி என்று மூக்கையும் கீழ்ப்பாகத்தையும் மட்டும் மடித்துப் பார்த்தால், மூக்கடியிலிருந்து முகவாய் வரை உள்ள பாகம் மூக்கைவிடக் கட்டை. ஓலையில் அந்த மிச்சம் ஒரு விரல்கடைக்குக் கொஞ்சம் கம்மியாக நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. கணக்கிலிருந்து அந்த ஆள் எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதை ஓலை காட்டிக்கொடுக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் முதலில் ஓலைக் கணக்குப்படி ஒரு புள்ளி, அப்புறம் படத்தின்படி ஒரு புள்ளி என்று இரண்டு புள்ளி வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள இடைவெளியை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கண்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் கூடுதல், வாய் அகலம் குறைவு, முகவாய் முன்னால் 5. அந்தப் பக்கம் நிறைந்ததும் அதுதான் வெஸ்பாசியன் என்று தோன்றியது.

வாய்தான் ரொம்ப நாள் பிடித்தது. உதடு மெல்லிசாக இருக்கிறது என்று மெல்லிசாகச் செய்தேன், கோபக்காரன் வாயாக வந்தது. இன்னும் மெல்லிசாக்கினேன், கத்தியால் கீறின கோடாகிவிட்டது. நாலு நாள் பிரித்துப் பிரித்துச் செய்தேன். எதிர்வீட்டுத் தாத்தா ஒரு நாள் சாயங்காலம் கடைத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், பல் எல்லாம் போய்விட்டது அவருக்கு. வாய் மூடும்போது உதடு உள்ளே மடங்குகிறது, முகவாய் மேலே ஏறி மூக்கைத் தேடிக்கொண்டு வருகிறது, கன்னத்திலிருந்து வாயோரத்துக்கு ஒரு பை தொங்குகிறது. "என்ன தம்பி, என் வாயையே பாக்குற?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உள்ளே வந்து, வெஸ்பாசியன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, மென்றார். உதட்டை மெலிதாக்குவது வேலையே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. உதட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள சதையைக் கட்டை விரலால் உள்ளே அழுத்தி, முகவாயை முன்னால் கொண்டுவந்தால் உதடு தானாகவே மடங்குகிறது. பத்து நிமிடத்தில் வாய் வந்தது.

நெற்றிக் கோடும் அப்படித்தான். முதலில் ஊசியால் கீறினேன், ஏர் உழுத மாதிரி ஆகிவிட்டது. கோட்டைக் கீறக் கூடாது. இரண்டு சதை சந்திக்கிற இடம்தான் கோடு. மண் திரியாக உருட்டி ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்து, மேல் விளிம்பை மட்டும் விரலால் தேய்த்துக் கரைத்துவிட்டால் கீழ் விளிம்பில் கோடு தானாக நிற்கும். நடு நெற்றியில் திரி தடிமன் 6 மில்லிமீட்டர், காதோரப் பொட்டுப் பக்கம் போகப் போக 2.

கண்மணி விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் வெஸ்பாசியன் கண் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. கண் திறக்காமல் சிலை முடியாது என்பது நம் பக்கத்துப் பழக்கம், ஸ்தபதி கடைசியாகச் செய்வது அதுதானே. நானும் ஒரு துரப்பண முனையால் இரண்டு கண்ணிலும் சின்னக் குழி போட்டேன். திடுக்கிட்டு விழித்தவர் மாதிரி ஆகிவிட்டார். அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது, ரோமானியச் சிற்பிகள் பளிங்கில் கருவிழியைச் செதுக்க ஆரம்பித்தது ஹாட்ரியன் காலத்தில், அதாவது 117-க்கும் 138-க்கும் இடைப்பட்ட காலம். அதற்கு முன்னால் கண்மணியை வண்ணத்தில் எழுதினார்கள், வண்ணம் போய்விட்டதால் நமக்கு வெறுமையாகத் தெரிகிறது. குழியை மூடி மறுபடி வழித்துவிட்டேன். வெந்த பிறகு காவியும் கரியும் வைத்து எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவும் செய்த இரண்டாவது தலைதான் வெடித்தது. நகம் பதியும், விரல் பதியாது என்கிற பதத்தில் மண்டையின் மேல்பகுதியைக் கேபிள் இழையால் தொப்பி மாதிரி அறுத்தெடுத்து, செய்தித்தாளை உருவி, குழாயைக் கழற்றி, உள்ளே குடைந்தேன். மேல்பக்கம் ஒழுங்காக இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வந்துவிட்டது. கழுத்துக்கும் முகவாய்க்கும் பின்னால் கை நுழையவில்லை, பயந்துகொண்டு அங்கே அப்படியே விட்டுவிட்டேன், நாலு சென்டிமீட்டருக்கு மேல் இருந்திருக்கும். அறுத்த இரண்டு விளிம்பையும் கட்டம் கட்டமாகக் கீறி, மண்குழம்பு தடவி மறுபடி ஒட்டினேன். அதற்குள் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்துக்கு மேல் கடை மூலையில் இருந்தது. மேலே வெளுத்துவிட்டது, காய்ந்துவிட்டது என்றே நம்பினேன். மார்கழியில் அண்ணன் தைக்கு ஒரு கோயிலுக்கு மண் எருது சுடப் போவதாகச் சொன்னதும் அவசரப்பட்டுக் கொண்டுபோனேன். அவர் தலையைத் தூக்கிக் கழுத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சில்லுனு இருக்கே தம்பி" என்றார். ஈரம் இருந்தால் மண் கன்னத்தில் குளிரும். நான்தான் பரவாயில்லை அண்ணே என்று வைக்கச் சொன்னேன். தீ வைத்து இரண்டு மணி நேரத்தில் உள்ளே பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் கழித்து இன்னொன்று. காலையில் பார்த்தால் முகவாயும் கழுத்தும் பொடி, நெற்றி மட்டும் முழுசாக இருந்தது. அவருடைய எருதுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். எருதின் வயிற்றிலும் காலிலும் அவர் விடுகிற ஓட்டை எதற்கு என்று அன்றைக்கு நன்றாகப் புரிந்தது, சூட்டில் ஆவியாகிற ஈரம் வெளியே போகத்தான்.

நெற்றித் துண்டை மேசையில் வைத்துக்கொண்டு தை மாதம் மூன்றாவது தலையைத் தொடங்கினேன். நோட்டில் இடைவெளிக் கணக்கு முழுவதும் இருந்ததால் இரண்டு மாதம் இழுத்த வேலை பதினொரு நாளில் முடிந்தது. இந்த முறை தொப்பியை மட்டும் அறுக்காமல் காதுக்குப் பின்னால் செங்குத்தாக அறுத்து முன்பாதி, பின்பாதி என்று பிரித்தேன். முகவாய்க்குள் கை தாராளமாகப் போனது. பழைய சைக்கிள் கம்பியில் 20 மில்லிமீட்டருக்கு ஒரு டேப் சுற்றி, உள்ளிருந்து குத்திக் குத்திக் கனம் பார்த்தேன். கழுத்தடியை முழுவதும் திறந்தே விட்டேன். காயப்போட்டபோது மூக்கையும் காதையும் ஈரத்துணியால் மூடி வைத்தேன், இல்லாவிட்டால் மாசிக் காற்றில் அவை முதலில் காய்ந்து இழுத்து, வேரில் வெடிக்கும். அப்புறம் செம்புக் கம்பி நிறுக்கிற கடைத் தராசு. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். குடைந்த அன்று 8 கிலோ 200, தினமும் காலையில் நிறுத்து எழுதினேன். ஐந்து வாரத்தில் 6 கிலோ 600-க்கு வந்து நின்றது, கடைசி நான்கு நாள் எடை அசையவே இல்லை. கன்னத்திலும் வைத்துப் பார்த்தேன், குளிரவில்லை.

சூளை என்றால் கட்டின சூளை இல்லை. தரையில் ஆழமில்லாத குழி, அடியில் வரட்டி, அதன் மேல் கருவேல விறகு, நடுவில் பொருள், சுற்றிலும் மேலும் வைக்கோல், கடைசியாகச் சேறு பூச்சு. சம்பா அறுவடை முடிந்த சமயம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தீ வைத்தோம். முதல் நாலு மணி நேரம் வெறும் புகைதான், ஓரத்தில் ஒரு வாயை மட்டும் திறந்து உமியைப் போட்டுக் கனிய விட்டார். நான் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன். பத்து மணிக்கு மேல் மற்ற வாய்களையும் திறந்தார், விடியும்வரை எரிந்தது. சத்தமே இல்லை. புதன்கிழமை முழுதும் ஆறவிட்டு வியாழன் காலை பிரித்தோம்.

வந்திருப்பது இப்படி: முகவாயிலிருந்து உச்சிவரை 23 சென்டிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் குறைவு, எடை 6 கிலோ 100. ஒட்டின விளிம்பில் இடது காதுக்குப் பின்னால் மயிரிழைக் கீறல் ஒன்று, விரல் நீளம், உள்ளே இறங்கவில்லை. வலது கன்னத்தில் வைக்கோல் அமுங்கின இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. வலது காது கொஞ்சம் முன்னால் இருக்கிறது, சந்தேகமே இல்லை, அளந்தும் பார்த்துவிட்டேன், 4 மில்லிமீட்டர். செய்யும்போது அந்தப் பக்கம் சுவர் இருந்தது, பலகையைச் சுழற்றச் சோம்பல்பட்ட இடம் அது.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். மண் மூன்று மூட்டை 900, இரண்டு முறை சுட்டதற்கு 1,200, மரக்கருவி 450, குழாயும் ஃப்ளாஞ்சும் 280, அச்சுத்தாள் இரண்டு தடவைக்கு 160. மொத்தம் 2,990 ரூபாய். அண்ணன் இரண்டாவது தடவை சுட்டதற்குப் பணம் வேண்டாம் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். அவர் தண்ணீர் மோட்டாரை நான் சும்மா கட்டித் தருவதாகவும் பேச்சு.

அடுத்த தடவை மாற்றப் போவது: மணல் இன்னும் ஒரு கைப்பிடி கூட வேண்டும், சலித்த மணலாக. ஒட்டும் குழம்பை அதே மண்ணை உலர்த்திப் பொடித்துக் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும், இந்த முறை ஈர மண்ணையே நீர்க்கக் கரைத்தேன், கீறலுக்கு அதுதான் காரணம் என்று அண்ணன் சொல்கிறார். காதை இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்ய வேண்டும். சுழல்பலகை சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி. முகம் மேலே பார்க்கிற மாதிரி சூளையில் சாய்த்து வைத்தால் கன்னத்தில் கறுப்பு விழாது என்றும் சொன்னார், எனக்கென்னவோ அந்தக் கறுப்பு பிடித்திருக்கிறது.

இன்னொரு பழைய தலையும் செய்யலாம் என்று மனதில் இருந்தது. எகிப்தில் அமர்னாவில், நெஃபர்டிட்டி ராணியின் தலை கிடைத்த அதே துட்மோஸ் சிற்பியின் பட்டறையில் 1912-ல் சுதை முகங்களும் கிடைத்தன, இப்போது பெர்லினில் இருக்கின்றன. சிலவற்றில் வயதான ஆட்களின் சுருக்கம்கூட அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அப்பாவை இன்னொரு முறை செய்து பார்க்கப் போகிறேன். கையில் இருப்பது எல்லாமே நேர்ப்படம்தான், ரேஷன் கார்டுக்கு எடுத்தது, கல்யாணத்தில் எடுத்தது. ஓலை வைத்து மடித்துப் பார்த்தேன், மூக்கு பாகம் 4 மில்லிமீட்டர் நீளம், முகவாய் பாகம் 6 குறைவு. பக்கப்படம் இல்லாமல் மேலே நகர முடியாது. திருவையாற்றில் அத்தை வீட்டு ஆல்பத்தில், என் அண்ணன் காதுகுத்தில் அப்பா திரும்பி நின்று யாரையோ கூப்பிடுகிற படம் ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.